செடியைப் படிப்பது எப்படி? விதையில் தொடங்கிப் பூ வரை ஒரு செய்முறை

தாவரவியல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அம்புக்குறி போட்ட படமும், மனப்பாடம் செய்த பெயர்களும்தான். பெயர்கள் வேண்டியவைதான். ஆனால் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு பெயரைக் கேட்டால் அது மறக்கவே மறக்காது. அதனால் இங்கே எல்லாவற்றையும் பிரித்து, வெட்டி, கோடு போட்டுப் பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உடல் வளரும்போது எல்லாப் பகுதியும் சேர்ந்து பெரிதாகிறது. செடி அப்படி வளர்வதில்லை. அது நீள்வது நுனிகளில்தான். தண்டு நுனி ஒரே மாதிரியான துண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போகிறது. இது புரிந்துவிட்டால் இலை, கிளை, பூ எல்லாம் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

தேவையானவை: பத்துப் பதினைந்து ராஜ்மா விதைகள் (மொச்சையும் சரிதான்), கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு கண்ணாடி டம்ளர், டிஷ்யூ பேப்பர், நீரில் கரையாத மெல்லிய முனைப் பேனா, பிளேடு, ஒரு கைலென்ஸ். பின்னால் ஒரு செம்பருத்திப் பூவும் கிளையும் தேவைப்படும். பச்சை ராஜ்மாவில் வாந்தியை உண்டாக்கும் புரதம் இருக்கிறது. சிறுவர்கள் கூட இருந்தால் ஊறிய விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: விதையைப் பிரியுங்கள்

விதைகளை ஓர் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஒன்றை எடுத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, உட்குழிந்த பக்கத்தைப் பாருங்கள். நீள்வட்டமாக ஒரு தழும்பு தெரியும். விதை காயோடு ஒட்டியிருந்த இடம் அது. இப்போது விதையை இரு விரல்களால் மெல்ல அழுத்துங்கள். தழும்பின் ஒரு முனைக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு துளையிலிருந்து ஒரு சொட்டு நீர் கசியும். அதுதான் விதைத்துளை. அதை நினைவில் வையுங்கள், பூவுக்கு வரும்போது மறுபடி பேசுவோம்.

தோலை உரித்தால் விதை இரண்டாகப் பிளக்கும். அந்த இரு பருப்புகளும் வித்திலைகள், அதாவது உணவு நிரம்பிய இலைகள். அவற்றுக்கு நடுவே, ஓரமாக, வளைந்த குட்டி உருவம் ஒன்று ஒட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கூரான முனை முளைவேர். மறுமுனையில் இரண்டு இலைகள் நரம்போடு மடிந்து கிடக்கும், அது முளைக்குருத்து. மண்ணைப் பார்க்கும் முன்பே இலை தயாராக இருக்கிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

மக்காச்சோளத்தை நீளவாக்கில் வெட்டினால் கதை வேறு. அதற்கு ஒரே வித்திலை. உணவு இருப்பது வித்திலைக்கு வெளியே, முளைசூழ்தசையில். ராஜ்மா இருவித்திலைத் தாவரம், மக்காச்சோளம் ஒருவித்திலைத் தாவரம் என்பது இவ்வளவுதான்.

படி 2: முளைக்க விடுங்கள்

டம்ளரின் உள்பக்கம் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி நனையுங்கள். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் விதைகளைச் செருகுங்கள். அடியில் ஒரு விரல் அளவு தண்ணீர் போதும், அதில் விதை மூழ்கக் கூடாது. விதையும் சுவாசிக்கிறது, மூழ்கினால் ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகிவிடும். முளைக்க வேண்டியவை நீர், ஆக்சிஜன், தகுந்த வெப்பம். பெரும்பாலான விதைகளுக்கு இந்தக் கட்டத்தில் வெளிச்சம் அவசியமில்லை, உணவுதான் உள்ளேயே இருக்கிறதே.

சில நாட்களில் முதலில் வேர்தான் வெளியே வரும். அதன்மேல் வெண்பஞ்சு போல ஏதோ படர்ந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை வேர்த்தூவிகளாக இருக்கலாம். வேரின் ஒரு பகுதியில் மட்டும் சுற்றிலும் சீராக நின்று, தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக்கொண்டால் அது தூவி. விதைக்கும் வேருக்கும் நடுவே தாறுமாறாக நூல் படர்ந்திருந்தால் பூஞ்சை. நீரையும் தாது உப்புகளையும் பெரும்பாலும் உறிஞ்சுவது இந்தத் தூவிகள்தான். நாற்றைப் பிடுங்கி நடும்போது வாடுவதற்குக் காரணமும் இதுவே: கண்ணுக்குத் தெரியும் வேர் வந்துவிடுகிறது, தூவிகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன.

படி 3: வேரில் கோடு போடுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வேர் 2 செ.மீ. நீளம் வந்ததும் விதையை வெளியே எடுத்து, வேரின் ஈரத்தை மெதுவாக ஒற்றி எடுங்கள். நுனியிலிருந்து தொடங்கி 2 மி.மீ. இடைவெளியில் மெல்லிய கோடுகள் போடுங்கள். அழுத்தக் கூடாது, மை தொட்டால் போதும். மறுபடி டம்ளரில், வேர் கீழே பார்த்தபடி வைத்து, ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள்.

மேலே உள்ள கோடுகள் போட்ட இடத்திலேயே இருக்கும். நுனிக்குப் பக்கத்தில் இருந்த ஓரிரு கோடுகள் மட்டும் தள்ளித் தள்ளிப் போயிருக்கும், சில நேரம் மை புள்ளி புள்ளியாகச் சிதறியும் இருக்கும். வேர் நீண்டது அந்தச் சில மில்லிமீட்டரில் மட்டும்தான்.

உள்ளே நடப்பது இது. நுனியில் வேர்மூடி என்ற உறை. மண்ணைத் துளைக்கும்போது தேய்வது அதுதான். அதற்குச் சற்றுப் பின்னால் ஆக்குத்திசு, அங்கே செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அதற்கும் பின்னால் புதுச் செல்கள் நீரை வாங்கி நீள்கின்றன. நீண்டு முடித்த பகுதியில்தான் தூவி முளைக்கும். நீளும் பகுதியிலேயே முளைத்திருந்தால், வேர் மண்ணில் நகரும்போது தூவிகள் அறுந்துபோகும்.

அப்படியே டம்ளரைப் படுக்க வைத்துப் பாருங்கள். ஒரு நாளுக்குள் வேர் நுனி கீழ்நோக்கி வளைந்துவிடும். வேர்மூடிச் செல்களில் உள்ள கனமான மாவுமணிகள் அடிப்பக்கம் படிவதை வைத்து வேர் திசை அறிகிறது. ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழ்ப்பக்கம் சேர்கிறது. வேரில் அது நீட்சியைத் தடுக்கும். ஆகவே மேல்பக்கம் வேகமாக நீண்டு, வேர் கீழே வளைகிறது. தண்டில் அதே ஆக்ஸின் நீட்சியைத் தூண்டுவதால் தண்டு மேலே வளைகிறது.

படி 4: தண்டைத் துண்டு துண்டாகப் படியுங்கள்

முளைத்த செடியைத் தொட்டியில் வைத்து வளர விடுங்கள். ராஜ்மா கொக்கி போல வளைந்து, வித்திலைகளை மண்ணுக்கு மேலே இழுத்து வரும். குருத்து முன்னால் வந்து மண்ணில் உரசாமல் இருக்கத்தான் இந்த வளைவு. மக்காச்சோளத்திலும் பட்டாணியிலும் வித்திலை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

இலை முளைக்கும் இடம் கணு. இரு கணுக்களுக்கு நடுவே இருப்பது கணுவிடை. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் உற்றுப் பார்த்தால் ஒரு சின்ன மொட்டு இருக்கும், அது கோணமொட்டு. ஒரு கணு, ஓர் இலை, ஒரு மொட்டு, ஒரு கணுவிடை: தண்டு நுனி கட்டும் துண்டு இதுதான். சில செடிகளில் ஒரு கணுவில் இரண்டு மூன்று இலைகள் வரும், அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த மொட்டு நல்ல துப்பு. வேப்பிலை என்று நாம் கிள்ளும் ஒவ்வொன்றும் தனி இலையா? அதன் அடியில் மொட்டைத் தேடுங்கள், கிடைக்காது. முழுக் காம்பும் கிளையைத் தொடும் இடத்தில்தான் மொட்டு இருக்கும். ஆக அந்தக் காம்பு முழுவதும் ஒரே இலை. நாம் கிள்ளியவை சிற்றிலைகள். முருங்கையிலும் இப்படித் தேடிப் பாருங்கள்.

இப்போது தொட்டிச் செடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சில நாட்களில் கீழே உறங்கிக் கிடந்த கோணமொட்டுகள் கிளையாகப் புறப்படும். நுனிமொட்டு இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்ஸின் அவற்றை அடக்கி வைத்திருந்தது. செடி புதராக வளர நுனி கிள்ளும் வழக்கத்தின் பின்னால் இருப்பது இதுதான்.

மரம் பருப்பது மட்டும் வேறு கணக்கு. பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உள்ளே கட்டையையும் வெளியே உள்பட்டையையும் ஆக்குகிறது. அதனால் அடிமரத்தில் இன்று 1 மீட்டர் உயரத்தில் ஆணி அடித்தால், பல ஆண்டுகள் கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும். மரம் பருத்து ஆணியை மூடிவிடலாம், மேலே தூக்கிப் போகாது.

நீர் போகும் பாதையைப் பார்க்க, காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு கழுவி, சிவப்புச் சாயம் கலந்த நீரில் சில மணி நேரம் நிறுத்துங்கள். அதன் தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சிவப்புக் கோடுகள் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே வெட்டினால் வளையமாகச் சிவப்புப் புள்ளிகள். அவை சைலம் குழாய்கள். இலை தயாரித்த சர்க்கரையைக் கொண்டு செல்லும் ஃபுளோயம் சைலத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிறது.

படி 5: இலை எங்கிருந்து எடை சேர்க்கிறது?

மண்ணைத் தின்றுதான் செடி வளர்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். வான் ஹெல்மான்ட் என்பவர் எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். அவர் இறந்த பிறகு 1648 இல் வெளியான கணக்கின்படி, சுமார் 2 கிலோ கன்று 75 கிலோவுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 60 கிராம். எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். அது பாதி சரி. உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. இலைத்துளை வழியே நுழையும் அந்த வாயுவும் வேர் அனுப்பும் நீரும் சூரிய ஒளியால் சர்க்கரையாகின்றன, ஆக்சிஜன் வெளியேறுகிறது. மண் தருவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்றவை. அளவில் குறைவு, ஆனால் இல்லாமல் முடியாது.

படி 6: செம்பருத்தியைப் பிரியுங்கள்

ஒற்றை அடுக்குப் பூவாக எடுங்கள். அடியில் பச்சைக் கிண்ணம் போலிருப்பது புல்லிவட்டம். 5 அல்லிதழ்களையும் ஒவ்வொன்றாக உரித்தால் நடுவில் நீண்ட குழாய் நிற்கும். அதன்மேல் மஞ்சள் பொடியோடு இருப்பவை மகரந்தப்பைகள். குழாய் என்பதே ஒட்டிச் சேர்ந்த மகரந்தத்தாள்கள்தான். பிளேடால் குழாயை நீளவாக்கில் மெல்லக் கீறுங்கள். உள்ளே நூல் போல சூல்தண்டு ஓடி, மேலே 5 சூல்முடிகளாகப் பிரியும். கீழே அடியில் சூற்பை. அதைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள்: 5 அறைகள், அவற்றில் வெள்ளை மணிகளாகச் சூல்கள்.

மகரந்தத்தூள் சூல்முடியில் விழுவது மகரந்தச்சேர்க்கை. அதற்குப் பிறகு தூள் ஒரு குழாயை வளர்க்கிறது. அது சூல்தண்டு வழியே இறங்கி, பெரும்பாலான தாவரங்களில் சூலின் சிறு துளை வழியே உள்ளே போகிறது. ஊறிய ராஜ்மாவில் நீர் கசிந்ததே, அதே துளை! குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுச்செல்லோடு சேர்ந்து முளைசூழ்தசையாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898 இல் செர்கெய் நவாஷின் கண்டறிந்தார். ராஜ்மாவில் அந்தத் தசையை வித்திலைகள் முன்பே உறிஞ்சிவிடுகின்றன. மக்காச்சோளத்தில் அப்படியே இருக்கிறது.

பிறகு சூல் விதையாகும், சூற்பை கனியாகும். ஒரு பீன்ஸ் காயை எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கம் புல்லிவட்டத்தின் மிச்சம், மறுமுனையில் சூல்தண்டின் கூர்முனை.

அடுக்குச் செம்பருத்தி கிடைத்தால் தவறவிடாதீர்கள். உள்ளே பாதி இதழ், பாதி மகரந்தத்தாளாக, ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டிய இதழ்கள் கிடைக்கும். பூவின் பாகங்கள் எல்லாம் உருமாறிய இலைகள் என்று 1790 இலேயே ஜெர்மன் கவிஞர் கெத்தே எழுதினார். 1991 இல் கோயன், மேயரோவிட்ஸ் என்ற இரு தாவர மரபியலாளர்கள் மூன்று வகை மரபணுக்கள் சேர்ந்து இந்த உறுப்புகளைத் தீர்மானிக்கின்றன என்று விளக்கினார்கள். மூன்றும் செயலிழந்தால் பூவில் இதழ்கள் வராது. அவற்றின் இடத்தில் இலை போன்றவையே வரும். பூவும் தண்டு நுனி கட்டிய துண்டுகள்தான், கணுவிடை நீளாமல் நெருங்கி நிற்கிறது.

படி 7: விதை இல்லாமல் ஒரு செடி

தோட்டச் செம்பருத்தி பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. ஆனால் கணுவும் மொட்டும் இருக்கும் துண்டு எதுவோ அதிலிருந்து புதுச் செடி வரலாம். உருளைக்கிழங்கின் கண்கள் கோணமொட்டுகள், ஏனென்றால் அது தண்டு. இஞ்சியும் தண்டே. ரணகள்ளி இன்னும் ஒரு படி மேலே போய், இலை ஓரத்திலேயே குட்டிச் செடிகளை விடும்.

பென்சில் கனமுள்ள செம்பருத்திக் கிளையில் 4 கணுக்கள் வருமாறு, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மேலே ஓரிரு இலைகளை மட்டும் விடுங்கள். வேர் இல்லாத துண்டால் நிறைய இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. இரண்டு கணுக்கள் ஈரமண்ணுக்குள் இருக்கும்படி செருகி நிழலில் வையுங்கள். மேல்கீழ் மாறக் கூடாது. இப்படி வரும் செடி தாய்ச்செடியின் அதே மரபுக்கூறு கொண்டது. விதைச் செடியில்தான் புதுக் கலவை கிடைக்கும்.

புதுத்தளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நினைத்து வெயிலுக்கு மாற்றிவிட வேண்டாம். தண்டில் சேர்த்து வைத்த உணவை வைத்தே மொட்டு விரிய முடியும். சில வாரங்கள் பொறுத்து, கிளையை மிக மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். மண் பிடித்து வைத்தால் வேர் இறங்கிவிட்டது. வழுக்கி வந்தால் மண்ணை மறுபடி அணைத்து, நிழலிலேயே விடுங்கள்.