பழைய ஜேசிபி, ஹிட்டாச்சிக்கு எந்த ஆயில் ஊத்துறது

பழைய வண்டி எடுத்ததும் முதல் வேலையா ஆயில் எல்லாத்தையும் மாத்திடுங்கனு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா எந்த ஆயில்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. மேனுவல் இருக்காது, பிளேட்ல எழுத்து அழிஞ்சிருக்கும், முன்னாடி வச்சிருந்தவருக்கும் எதை ஊத்துனோம்னு ஞாபகம் இருக்காது. நான் பதினஞ்சு வருசமா பழைய வண்டிங்களோடதான் இருக்கேன், அதுல பட்டு தெரிஞ்சுகிட்டத எழுதுறேன்.

முதல்ல பிரேக் ஆயில். மத்ததுல தப்பு பண்ணா பணம் போகும், இதுல உயிர் போகும். ஜேசிபி பேக்ஹோ பிரேக் டப்பாவுக்கு கார்ல ஊத்துற டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் ஆகவே ஆகாது. அதுக்குனு லைட் ஹைட்ராலிக் ஆயில்னு தனியா இருக்கு, மினரல் ஆயில்தான், தண்ணி மாதிரி லேசா இருக்கும். டாட் ஆயில் கிளைக்கால் வகை, உள்ள இருக்குற ரப்பர் அதுக்கு செஞ்சது இல்ல. என் வண்டியிலயே இது நடந்துச்சு, நான் ஊர்ல இல்லாதப்போ பிரேக் டப்பா குறைஞ்சிருக்குனு ஒரு மெக்கானிக் கடையில வாங்கி அரை லிட்டர் டாட் 3 ஊத்திட்டாரு, கொஞ்ச நாள்ல பெடல் மெத்து மெத்துனு ஆயிடுச்சு, பிரேக்க விட்டாலும் வீல் முழுசா விடாம புடிச்சிகிட்டே இருந்துச்சு. மாஸ்டர் சிலிண்டர பிரிச்சு பாத்தா ரப்பர் கப் ஊறி உப்பி, நகத்தால அழுத்துனா பள்ளம் விழுந்து அப்படியே நிக்குது. ஆயில எடுத்துட்டு கழுவுனா போதும்னு நினைக்காதீங்க, ரப்பர் எல்லாத்தையும் மாத்துனாதான் தீரும். அதே மாதிரி டாட் ஆயில் கேக்குற வண்டியில மினரல் ஆயில் ஊத்துனாலும் இதே கதிதான், அங்க இருக்குறது வேற ரப்பர். சந்தேகமா இருந்தா டப்பாவுல இருந்து ரெண்டு சொட்டு எடுத்து ஒரு கிளாஸ் தண்ணியில விட்டு பாருங்க, டாட் 3, டாட் 4 தண்ணியோட கலந்துடும், மினரல் ஆயில் மேல மிதக்கும். உள்ள இருக்குறது சரியான ஆயில்தானானு இத வச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா ஊத்தியிருக்குறது டாட் வகையா மினரல் வகையானு தெரிஞ்சுடும்.

அடுத்தது ஹைட்ராலிக். 32, 46, 68னு கேன்ல போட்டிருக்குற நம்பர் 40 டிகிரி சூட்டுல அந்த ஆயில் எவ்வளவு தடிமனா இருக்குங்குற கணக்கு, நம்பர் கூடுனா தடிமன் கூடும். நம்ம ஊரு வெயில்ல சித்திரை மாசம் மதியத்துக்கு மேல டேங்க்ல கை வைக்க முடியாது, அதனால வண்டிக்காரங்க பெரும்பாலும் 46 இல்லனா 68தான் ஊத்துவாங்க. பம்ப் தேஞ்ச பழைய வண்டியில சூடானதும் பூம் (வண்டியோட பெரிய கை) தூக்க சோம்புதுனா, கம்பெனி 46, 68 ரெண்டுக்கும் இடம் குடுத்திருந்தா 68க்கு போகலாம், ஆனா தேஞ்ச பம்ப்க்கு அது மருந்து இல்ல, கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

பழைய கேட்டர்பில்லர், கொமாட்சு வண்டிங்கள்ல ஹைட்ராலிக் டேங்க்குக்கே 10டபிள்யூ இன்ஜின் ஆயில்னு மேனுவல்ல போட்டிருக்கும். அதை பாத்து தப்பா அச்சடிச்சிட்டான்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அப்படி இல்ல, தடிமன்ல அது 32க்கும் 46க்கும் நடுவுல வரும். ஆனா அதை பாத்துட்டு எல்லா வண்டிக்கும் இன்ஜின் ஆயில் ஊத்தக்கூடாது, ஹைட்ராலிக் ஆயில் பெரும்பாலும் தண்ணிய பிரிச்சு அடியில விட்டுடும், காலையில டேங்க் அடி பிளக்க லேசா லூஸ் பண்ணா தண்ணி முதல்ல வந்துடும். இன்ஜின் ஆயில் தண்ணிய தன்னோடயே கலந்து வச்சுக்கும். ரெண்டையும் கலந்துட்டா தண்ணி பிரியாம ஆயில் மோர் மாதிரி வெளுத்து போய் பம்ப்ப திங்கும்.

கியர் ஆயில் நம்பர் இருக்கே, அது வேற அளவுகோல். 90 கியர் ஆயில் 40 இன்ஜின் ஆயில விட ரெண்டு மடங்கு தடிமன் கிடையாது, ஏறக்குறைய 40, 50 இன்ஜின் ஆயில் மாதிரிதான் இருக்கும். நம்பர விட அதோட தரம் ஜிஎல்-4ஆ ஜிஎல்-5ஆனு கேன்ல பாக்குறதுதான் முக்கியம். பழைய கியர்பாக்ஸ்ல சின்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாம விழ உதவுற வளையம்) பித்தளையா இருந்தா ஜிஎல்-5ல இருக்குற கந்தக மருந்து அதை அரிக்கும், மேனுவல் ஜிஎல்-4னு சொன்னா ஜிஎல்-4தான், உசந்தது நல்லதுனு போகாதீங்க. ஆக்சிலுக்குள்ளயே ஆயில்ல முங்கி ஓடுற வெட் பிரேக் இருந்தா அதுக்குனு வர்ற ஆயில்தான் ஊத்தணும், சாதா கியர் ஆயில் ஊத்துனா பிரேக் மிதிக்கிறப்பெல்லாம் கர்ர்னு கத்தும், வெட்டி வெட்டி புடிக்கும்.

இப்ப மேனுவல்ல இருக்குற பேரே கடையில இல்லனா என்ன பண்றது? பழைய வண்டியில பெரிய தலைவலி இதுதான். அந்த ஆயிலோட இடத்துக்கு இப்ப எது வந்திருக்குனு தேடணும். டிஓ-2னு (கேட்டர்பில்லரோட பழைய கியர்பாக்ஸ் ஆயில் தரம்) போட்டிருந்தா கேட்டர்பில்லரே அதுக்கு பதிலா டிஓ-4 கொண்டு வந்துட்டாங்க. இன்ஜின் ஆயில்ல சிடி, சிஎஃப்-4னு பழைய டீசல் ஆயில் தரம் போட்டிருந்தா இன்னைக்கு கிடைக்கிற சிஐ-4 15டபிள்யூ40 தாராளமா போகும், 2016ல வந்த சிகே-4ம் போகும். எஃப்ஏ-4 மட்டும் வேணாம், அது மெல்லிசான ஆயில், புது இன்ஜினுக்குனு செஞ்சது. ஆனா பேர் ஒண்ணா இருக்குறதாலயே ஏமாறாதீங்க, அமெரிக்காவுல ஜான் டியர் 303னு ஒரு டிராக்டர் ஆயில் இருந்துச்சு, அதுல திமிங்கல எண்ணெய் கலப்பாங்க, 1970கள்ல அதுக்கு தடை வந்ததும் அந்த ஆயில் போயிடுச்சு. அப்புறமும் 303ங்குற நம்பர போட்டு மத்தவங்க மலிவா வித்துகிட்டே இருந்தாங்க, உள்ள இருந்தது பழைய சரக்கு இல்ல. கேனுக்கு முன்னாடி பெருசா இருக்குறத விட பின்னாடி பொடி எழுத்துல எந்த ஸ்பெக் (தரம்) போட்டிருக்கானு படிங்க. கலர பாத்து வாங்கவே வாங்காதீங்க, அது வெறும் சாயம்.

கூலன்ட்ட பத்தி சுருக்கமா சொல்றேன். போர் தண்ணி ஊத்தாதீங்க, ரேடியேட்டர் உள்ள உப்பு படிஞ்சு அடைச்சுக்கும், டிஸ்டில்ட் வாட்டர்தான். வேற வேற வகை கூலன்ட்ட கலக்கவும் கூடாது. வெட் லைனர் இன்ஜின்ல (சிலிண்டர் குழாய சுத்தி நேரா கூலன்ட் ஓடுற வகை) கூலன்ட் மருந்து இல்லனா லைனர் வெளிப்பக்கம் குண்டூசி குத்துன மாதிரி ஓட்டை விழும், ஒருநாள் கூலன்ட் ஆயில் சம்ப்புல நிக்கும்.

உள்ள என்ன இருக்குனே தெரியாத வண்டிய எடுத்திருந்தா ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் ஆயில் எடுத்து தனித்தனி பாட்டில்ல ஒரு நாள் அசையாம வைங்க, அடியில தண்ணி நிக்குதா, பித்தளை தூள் மின்னுதானு வெளிச்சத்துல பாருங்க. ஒரு சொட்ட சூடான தகடு மேல விட்டா படபடனு வெடிச்சா தண்ணி கலந்திருக்கு. அப்புறம் முழுசா இறக்கிட்டு ஃபில்டரும் புதுசு போட்டு சரியான ஆயில் ஊத்துங்க, அம்பது மணி நேரம் ஓடுனதும் அந்த ஃபில்டர பிரிச்சு பாருங்க, புது ஆயில் பழைய அழுக்க கிளப்பி கொண்டு வந்து அங்கதான் சேர்த்திருக்கும். கடைசியா ஒவ்வொரு மூடி பக்கத்துலயும் என்ன ஆயில், என்னைக்கு, எத்தனாவது மணி நேரத்துல ஊத்துனீங்கனு பெயின்ட்ல எழுதிடுங்க, பிரேக் டப்பா மேல மட்டும் செகப்புல எழுதுங்க.