கியர்பாக்ஸ் மாற்றிய காருக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் சுருக்குவது எப்படி?

பழைய அம்பாசடரில் வேறு இன்ஜினும் நீளமான கியர்பாக்ஸும் ஏற்றிவிட்டீர்களா? கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட்; பழையது இனி நுழையாது. கோவை கணபதி பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, வெட்டிச் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அளவு சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஷாஃப்ட் பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

கோணம்

அளவுக்கு முன்னால் கோணத்தைப் பாருங்கள். பினியன் (பின் ஆக்சிலில் ஷாஃப்ட் போய்ச் சேரும் பல்சக்கரத் தண்டு) கோணத்தை மாற்றினால் நீளமும் மாறும். கியர்பாக்ஸ் வால் 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால் பினியன் மூக்கு 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் இணையாக இருக்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பினியன் மேலே எழும், அதனால் 1 முதல் 2 டிகிரி குறைத்தே வையுங்கள்.

நீளம்

ஜாக்கியில் தூக்கி வைத்து அளக்காதீர்கள். ஆக்சில் தொங்கினால் தூரம் மாறிவிடும். நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஸ்லிப் யோக்கை (கியர்பாக்ஸ் வாலுக்குள் வழுக்கி நுழையும் முன் முனை) முழுசாக உள்ளே தள்ளி, 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்துங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸில் போய் முட்டும். ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட்டிலும் கூட்டல் குறி போல இருக்கும் துண்டுதான் கிராஸ்; இப்போது முன் கிராஸ் மையத்திலிருந்து பின் கிராஸ் மையம் வரை அளந்து பாருங்கள். 1,200 மி.மீ. வந்து, குழாயில் ஒட்டும் ஒவ்வொரு யோக்கிலும் (கிராஸைப் பிடிக்கும் கவை) கிராஸ் மையத்திலிருந்து வெல்டிங் தோள் வரை 45 மி.மீ. இருந்தால், குழாய் 1,110 மி.மீ.

வெட்டும் ஒட்டும்

வெட்டும் முன் குழாய் நெடுக ஒரு கோடு கிழித்து, இரண்டு யோக்கிலும் பஞ்ச் அடியுங்கள். குழாயின் இரு முனை யோக்கின் காதுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். விலகினால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும். பேலன்ஸ் செய்தாலும் தீராது.

லேத்தில் ஒரு முனையின் பழைய வெல்டிங்கை மட்டும் கடைந்து யோக்கைத் தட்டி எடுங்கள். குழாயை அளவுக்கு வெட்டி, ஓரத்தைச் சாய்த்துவிட்டு, யோக்கை இறுக்கமாக ஏற்றுங்கள். எதிரெதிராக நாலு டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்து, ஷாஃப்டைச் சுழற்றி எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜில் பாருங்கள். 0.25 மி.மீ.க்குள் வரும்வரை தட்டித் தட்டி நேர் செய்யலாம். "கொஞ்சம் அவுட் இருந்தா பரவாயில்லைங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிராஸைக் கழற்றிவிட்டே வெல்டிங், எர்த் கிளாம்ப் குழாயிலேயே. கரன்ட் கிராஸ் வழியாகப் போனால் அதன் கப்புகளுக்குள் இருக்கும் ஊசி ரோலர்களில் குழி விழும்.

பிறகு பேலன்சிங், அதாவது சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயாமல் சரிசெய்வது. லாரி ஊர்களான நாமக்கல், சங்ககிரி பக்கம் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

மாட்டுதல்

கிராஸ் கப்பை வைஸில் அழுத்தும்போது சர்க்லிப் (கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையக் கிளிப்) பள்ளம் முழுசாகத் தெரியவில்லையா? உள்ளே ஓர் ஊசி ரோலர் சாய்ந்திருக்கும். சுத்தியலை எடுக்காமல் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டை ஆக்சிலோடு இணைக்கும் ஃபிளாஞ்சுக்கு ஹை டென்சைல் போல்ட், நைலாக் நட் (நைலான் வளையம் வைத்த, எளிதில் கழலாத நட்). முன் ஜாயின்ட்டிலிருந்து 150 மி.மீ.க்குள் 6 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலப் பட்டையில், ஷாஃப்டைச் சுற்றி வண்டியின் அடியில் ஒரு வளையம் போடுங்கள். ஜாயின்ட் உடைந்தாலும் ஷாஃப்ட் தரையில் குத்தாது.

ஓட்டிப் பார்க்கையில் அதிர்வு வந்தால், அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். எந்த கியரிலும் அதே வேகத்தில்தான் வருகிறது என்றால் ஷாஃப்டையோ சக்கரத்தையோ பாருங்கள்; இன்ஜின் ஆர்.பி.எம். கூடவே ஏறி இறங்கினால் இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். இன்ஜின் மாற்றிய வண்டியை ரோட்டில் எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.