பழைய அமெரிக்கப் பள்ளி பஸ்ஸைக் கட்டியது யார்? கண்டுபிடிக்கும் வழி

1920, 30களில் ஓடிய அமெரிக்கப் பள்ளி பஸ்ஸின் படம் கிடைத்தால் முதலில் கண்ணில் படுவது முன்பக்க ரேடியேட்டர்தான். அதில் ஃபோர்டு என்று இருக்கும். உடனே ‘ஃபோர்டு பஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. லேலண்ட் சேஸிஸ் வாங்கிக் கரூரில் பாடி கட்டுகிறோமே, அதே கதைதான் அங்கேயும். ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், இன்டர்நேஷனல் ஆகியவை சேஸிஸை, அதாவது என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும், கொடுத்தன. பிள்ளைகள் உட்காரும் கூண்டைக் கட்டியது வேறொரு பட்டறை. ஆகவே நமக்கு இரண்டு பெயர்கள் வேண்டும். கஷ்டம் இரண்டாவதில்தான்.

படி 1: சேஸிஸின் வயதைப் பிடியுங்கள்

ஃபோர்டிலிருந்து தொடங்குவது எளிது, அதுதான் அதிகம் கிடைக்கும். மாடல் டிடி என்ற லாரி சேஸிஸ் 1917 முதல் 1927 வரை வந்தது. சக்கரத்தின் ஆரங்கள் தடித்த மரத்தில் இருக்கும். 1928 முதல் 1931 வரை வந்தது மாடல் ஏஏ. அதன் சக்கரம் எஃகு. படத்தில் சக்கரம் தெளிவாக விழுந்திருந்தால், இந்த ஒரு வித்தியாசமே வயதைச் சில வருடங்களுக்குள் அடக்கிவிடும். செவர்லே என்றால், ஆறு சிலிண்டர் என்ஜின் வந்தது 1929இல் என்பதை நினைவில் வையுங்கள்.

வண்டியே எதிரில் நின்றால் பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கமாக, அதாவது இடது பக்கம், என்ஜினைப் பாருங்கள். ரேடியேட்டரிலிருந்து வரும் கீழ்த் தண்ணீர்க் குழாய் என்ஜினுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே ஃபோர்டு எண் குத்தியிருக்கும். அதை வைத்து என்ஜினின் வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் என்ஜின் மாறியிருக்க வாய்ப்பு நிறைய. எண் 1931 என்றும் சக்கரம் 1926 என்றும் சொன்னால், எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

படி 2: பாடித் தகட்டைத் தேடுங்கள்

பாடி கட்டியவர்கள் பெயர் பொறித்த சின்ன உலோகத் தகடு ஒன்றைப் பதித்திருக்கலாம். முன் கண்ணாடிக்கு மேலே உள்பக்கம், ஏறும் படிக்கட்டின் செங்குத்துப் பலகை, என்ஜினையும் ஓட்டுநர் இடத்தையும் பிரிக்கும் தடுப்பு, கதவு நிலை: இந்த நான்கு இடங்களையும் விடாமல் பாருங்கள். படிக்கட்டுத் தகடு செருப்புக் காலில் தேய்ந்து போயிருக்கலாம்.

தகட்டின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் உடனே சுரண்ட வேண்டாம். டார்ச்சை நேராகப் பிடிக்காமல், தகட்டோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் விளிம்பில் நிழல் விழும். அதுவும் போதவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். தகடே இல்லையா? அது இருந்த இடத்தில் சின்ன ஓட்டைகளாவது மிஞ்சியிருக்கலாம். அவற்றின் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தகடு உள்ள இன்னொரு வண்டி கிடைத்தால் ஒப்பிட உதவும்.

படி 3: கூண்டையே படியுங்கள்

பெரும்பாலான பழைய வண்டிகளில் தகடு கிடைக்காது. அப்போது கூண்டுதான் பேச வேண்டும்.

மோட்டார் வருவதற்கு முன் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவை குதிரை வண்டிகள். அவற்றில் கதவு பின்பக்கம் இருந்தது, ஏறி இறங்கும் பிள்ளைகளைக் கண்டு குதிரை மிரளாமல் இருப்பதற்காக. உள்ளே இரு பக்கச் சுவரோரமும் நீளமான பெஞ்சு. பிள்ளைகள் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். லாரி சேஸிஸ் வந்ததும் இதே கூண்டைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். அதனால் ரேடியேட்டர் வைத்த வண்டியிலும் பின் கதவும் சுவரோரப் பெஞ்சும் இருக்கலாம். சில நேரம் கூண்டு சேஸிஸைவிட மூத்தது! ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்புவது இதுதான்.

அடுத்து, எதனால் கட்டியது என்று பாருங்கள். பலகை அடித்து, ஜன்னலுக்குத் துணித்திரை தொங்கினால் பழைய முறை. மரச் சட்டத்தின் மேல் தகரம் போர்த்தியிருந்தால் அதற்கு அடுத்த கட்டம். சட்டமும் வெளித் தகடும் எஃகு என்றால் பெரும்பாலும் 1930களின் வேலை. வெளியில் தகரம் தெரிகிறதே என்று எஃகு பாடி என்று எழுதிவிடாதீர்கள். உள்பக்கம் ஜன்னல் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், சட்டம் மரமா இரும்பா என்று தெரிந்துவிடும்.

எஃகுக்கு ஏன் மாறினார்கள் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. ஆல்பர்ட் லூஸ் அங்கே ஃபோர்டு விற்பனையாளர். விலைக்கு வாங்கிய மரப் பாடியை லாரிச் சட்டத்தில் ஏற்றி ஒரு பஸ் செய்தார். அங்கிருந்த சாலைக்கு அந்த மரம் தாங்கவில்லை. 1927இல் எஃகுச் சட்டமும் மேலே கேன்வாஸுமாகத் தானே ஒன்று கட்டினார். அவர் தொடங்கிய புளூ பேர்டு என்ற பள்ளி பஸ் நிறுவனத்தின் முதல் வண்டி அதுதான். இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சேஸிஸும் ஃபோர்டுதான். ரேடியேட்டரை மட்டும் பார்த்தால் லூஸின் பெயரே வராது.

படி 4: ஊரும் வருடமும் வைத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள்

பஸ் எந்த மாவட்டத்தில் ஓடியது என்று தெரிந்தால், பாடி கட்டியிருக்கக்கூடியவர்களின் பட்டியல் சட்டென்று சுருங்கும். இந்தியானாவில் வேய்ன் ஒர்க்ஸ் (ரிச்மண்ட்), கொல்லர் ரால்ஃப் கார்பெண்டர் தொடங்கிய கார்பெண்டர் (மிட்செல்), ஹிக்ஸ் (லெபனான்) மூன்றும் இருந்தன. ஒஹாயோவின் லைமாவில் சுப்பீரியர். ஆர்கன்சாவின் கான்வேயில் வார்டு, 1933இல் தொடங்கியது. கலிஃபோர்னியா பக்கம் கில்லிக், கிரவுன். வட கரோலினாவின் ஹை பாயிண்டில் இருந்த பெர்லி தாமஸ் முதலில் டிராம் வண்டி கட்டியவர். பள்ளி பஸ்ஸுக்கு வந்தது 1936இல்தான்.

இந்தத் தேதிகள் கழித்துத் தள்ளத்தான் அதிகம் உதவும். 1929 சேஸிஸில் தாமஸ் பாடி இருந்தால் அது முதலில் வந்த பாடி அல்ல, பிறகு மாற்றியது. ஊர் மட்டும் சாட்சியாகாது, இந்தியானாவில் எத்தனை பேர் என்று பார்த்தீர்களே. இது தவிர, பெயரே வைக்காமல் ஊர்க் கொல்லரும் தச்சரும் கட்டிய வண்டிகளும் உண்டு.

படி 5: மஞ்சளை நம்பாதீர்கள்

1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் அங்கே பேராசிரியராக இருந்த ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு பள்ளி பஸ்களுக்கு 44 தர விதிகளை வகுத்தது. விடியற்கால மங்கல் வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்து தெரிய வேண்டும் என்று மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் மாவட்டத்துக்கு ஒரு நிறம். ஆக, பழைய வண்டி மஞ்சளாக இருந்தால் பின்னால் அடித்த பூச்சாக இருக்கலாம். அதற்கடியில் பழைய மாவட்டத்தின் பெயர் மறைந்திருக்கக்கூடும். படி 4க்கு வேண்டியது அதுதானே.

படி 6: காகிதம்

பள்ளி வாரியத்தின் கூட்டக் குறிப்பேட்டில் பஸ் வாங்கிய செலவைத் தேடுங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் அதிர்ஷ்டம். மாவட்ட வரலாற்றுச் சங்கங்களுக்கு மெயில் அனுப்பும்போது நல்ல படங்களை இணையுங்கள்: முன்பக்கம், கதவுப் பக்கம், பின்பக்கம், உள்கூரை.

முடிவை எழுதும்போது இரண்டு பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். இப்படி:

சேஸிஸ்: ஃபோர்டு ஏஏ, 1928–31 (எஃகுச் சக்கரம், என்ஜின் எண்).
பாடி: மரச் சட்டம், மேலே தகரம், பின் கதவு. கட்டியவர் பெயர் கிடைக்கவில்லை. படிக்கட்டுப் பலகையில் தகடு இருந்த நான்கு ஓட்டைகள்.