ஈரம் வேறு, தேக்கம் வேறு

'ஈரம் விரும்பும் செடி' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐந்து செடிகளை ஒரே தொட்டியில் நட்டேன். அடியில் துளை இல்லாத பெரிய தொட்டி. மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். சேம்பும் கல்வாழையும் கொழுத்து வளர்ந்தன. வெற்றிலைக் கொடி இரண்டே வாரத்தில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. பெரணி அதற்கு முன்பே போய்விட்டது. வல்லாரை மட்டும் தப்பித்துத் தொட்டியின் விளிம்பில் ஏறிக்கொண்டது. வேண்டிய இடத்தை அதுவே தேடிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

வேர் நீரால் சாவதில்லை, மூச்சுமுட்டிச் சாகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் துளைகளை நீர் அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். அங்கே வாழ, செடி தனக்கான காற்றைத் தானே இறக்கிக்கொள்ள வேண்டும். சேம்புத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். தாமரைத் தண்டில் குழாய்களே தெரியும். வெற்றிலைக்கு அப்படி வசதி கிடையாது. அதற்கு ஈரம் வேண்டும், நிழல் வேண்டும், ஆனால் நீர் நிற்கக் கூடாது.

அதனால் ஒரு செடியைக் கொண்டுவரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் அதன் எந்த இடம் வரைக்கும் வரலாம் என்பதுதான். வெற்றிலைக்கும் பெரும்பாலான பெரணிகளுக்கும் மண் ஈரமாக இருந்தால் போதும். வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு மூன்றும் கரைவாசிகள், சகதியில் சுகமாக இருக்கும். சேம்பு, கல்வாழை, கோரை ஆகியவை கணுக்கால் அளவு நீரையும் தாங்கும். அல்லியும் தாமரையும் நீருக்குள்ளேயே நிற்பவை.

கரைவாசிகளுக்காக நான் செய்தது ஒரு சேற்றுப் பாத்தி. ஒரு மீட்டர் அகலத்தில் 45 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, தடித்த பாலித்தீன் விரிப்பைப் போட்டேன். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். விரிப்பில் துளையே இல்லாவிட்டால் அது பாத்தி அல்ல, குட்டை. அடியில் ஆணியால் மூன்று துளை, பக்கவாட்டில் விளிம்புக்கு ஒரு சாண் கீழே சுற்றிலும் சில துளைகள். அடித்துளை மண்ணால் அடைபடாமலிருக்க அதன்மேல் கூழாங்கல். பெருமழை பெய்தால் மிகுதி நீர் பக்கத் துளை வழியாக வெளியேறும், மேல் ஒரு சாண் மண்ணில் காற்று இருக்கும். நிரப்புவதற்குத் தோட்டத்து மண்ணோடு நன்றாக மக்கிய இலைமக்கைக் கலந்தேன். பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள். நீரடியில் அது அழுகினால் வேருக்குத்தான் ஆபத்து.

பாத்தி எப்படி இருக்கிறது என்று அறிய எனக்கு மூக்கு போதும். குச்சியை ஆழமாகச் செருகி எடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடிமண்ணில் காற்றே இல்லை என்று பொருள், அடித்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சாம்பல் நிற மண்ணுக்குள் வேரை ஒட்டித் துருப்பிடித்தது போலச் செந்நிறக் கோடுகள் தெரிந்தால் மகிழுங்கள். வேர் வழியே கசியும் ஆக்சிஜன் மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. செடி தன் வேலையைச் செய்கிறது.

அப்புறம் தாமரை. விதையிலிருந்து வளர்ப்பது எளிது, பொறுமை மட்டும் வேண்டும். ஓடு கல் மாதிரி இருக்கும். ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழைய சீனத் தாமரை விதை ஒன்று முளைத்திருக்கிறது என்றால், அந்த ஓட்டின் உறுதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழிவான முனையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். 25 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில் போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். ஓரிரு நாளில் ஊதும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைவிடும். நான்கைந்து இலை வந்ததும், துளையில்லாத அகலத் தொட்டியில் ஒரு சாண் களிமண் போட்டு நடுங்கள். முதலில் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. நீர், இலை உயர உயர 15 செ.மீ. வரை ஏற்றலாம். நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்த இலை வரும்வரை உரத்தைத் தொடாதீர்கள். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்துவிட்டுப் பூ வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை (ஒரு வருடம் நான் புலம்பினேன்).

கொசுவுக்கு நாலைந்து கப்பி மீன் போதும். அந்த மீனை ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்குள்ள மீன்களுக்கு அது கெடுதல். அதே காரணத்துக்காக ஆகாயத்தாமரையை நான் தொட்டியில்கூட வைப்பதில்லை. பூ அழகுதான், ஆனால் தப்பி ஒரு குளத்துக்குள் போனால் மேற்பரப்பையே மூடிவிடும். சம்புப் புல்லையும் தொட்டியோடு புதைத்துத்தான் வளர்க்கிறேன், இல்லாவிட்டால் பாத்தி முழுக்க அதன் கிழங்குதான்.

பூச்சியுண்ணும் செடிகளை இந்தப் பாத்தியில் சேர்க்காதீர்கள். அவை சத்தில்லாத மண்ணில் வாழப் பழகியவை, உரம் பட்டால் வேர் கருகும். உப்பு கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது. அவற்றுக்குத் தனித் தொட்டி, மழைநீர். என் தொட்டிக்கு நீர் சேர்க்கக் கூரையிலிருந்து வடியும் இடத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். அதில் இப்போது யாரும் நடாமலே ஒரு கோரை முளைத்திருக்கிறது.