நாய்க்கு வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

திருநெல்வேலியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "அக்கா, நாய் கால நொண்டுது, ஒரு டோலோ குடுங்க" என்று வருகிறவர்களிடம் முதலில் நாயின் எடையைக் கேட்பேன். மாத்திரை கொடுப்பதில்லை.

ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ஒரு டோலோ 650 கொடுத்தால், கிலோவுக்கு 130 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளே போகிறது. கிலோவுக்கு 100 என்ற அளவிலேயே நாயின் கல்லீரல் கெடக்கூடும். காம்பிஃப்ளாமில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு 400 மில்லிகிராம் ஐபுப்ரூஃபெனும் இருக்கிறது. அந்த ஐபுப்ரூஃபென் மட்டுமே அதே பொமரேனியனுக்கு வயிற்றுப்புண் வரவைக்கப் போதும். "பெரிய நாய்தானே, தினம் அரை மாத்திரை" என்பதும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் இதே வகைதான். பூனைக்கோ ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

நம் பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாய் நொண்டுவதோடு காய்ச்சலும் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் குறையும். அந்த நேரத்தில் ஆஸ்பிரினோ ஐபுப்ரூஃபெனோ கொடுத்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். பார்க்கும்போதே முள் ஏதும் தைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

டாக்டரிடம் போகும்வரை நாயை ஓடவிடாதீர்கள், படி ஏறவிடாதீர்கள். அடிபட்ட இடம் வீங்கியிருந்தால், துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். நாம் தடவும் வலி ஜெல்லைத் தடவவே கூடாது, நக்கிவிடும்.

டாக்டர் பெரும்பாலும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதுவார். அதே பெயரில் மனிதர்களுக்கும் மாத்திரை இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நம்முடையது 7.5 அல்லது 15 மில்லிகிராம். அந்தப் பொமரேனியனுக்கு முதல் நாளே சுமார் 1 மில்லிகிராம்தான். நாய் ஏற்கனவே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

சரி, ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, அல்லது நாயே மாத்திரை அட்டையைக் கடித்துத் தின்றுவிட்டது. வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதுவே தனி விஷமாகும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இந்த மூன்றையும் போகும் வழியிலேயே டாக்டருக்குப் போனில் சொல்லிவிடுங்கள். முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போனால் அவர் முறையாக வாந்தி எடுக்கவைத்து, விஷத்தை உறிஞ்சும் கரி மருந்து கொடுக்க முடியும். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்தும் உண்டு. சளிக்கு நாங்கள் விற்கும் அதே மருந்துதான், ஆனால் அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, ஈறு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவது, ஓயாமல் தண்ணீர் குடிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள், இரவிலும் பார்க்கும் கால்நடை டாக்டர் யார் என்று இன்றே விசாரித்து, எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.