கப்பல் படிப்புக்குப் போகும் முன் நீச்சலில் என்ன பழக வேண்டும்?

மெர்ச்சன்ட் நேவியில் சேரப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மீட்டர், எவ்வளவு வேகத்தில் நீந்த வேண்டும்? கப்பலேறும் முன் எல்லோரும் முடிக்க வேண்டிய எஸ்.டி.சி.டபிள்யூ. (கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச விதிமுறை) பயிற்சியில் பி.எஸ்.டி. என்று, கடலில் உயிர் பிழைக்கும் முறைகளைச் சொல்லித்தரும் ஒரு பகுதி உண்டு. லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து குதிப்பது, அதோடு நீந்துவது, கவிழ்ந்த ராஃப்டை (காற்றடைத்த உயிர்காப்பு மிதவை) நிமிர்த்தி ஏறுவது, ஜாக்கெட் இல்லாமல் மிதப்பது, இதெல்லாம்தான் அதில் வரும். அதற்கு வேகத்தை விட நிதானம்தான் முக்கியம். கல்லூரி தனியாக ஏதாவது தூரமோ நேரமோ வைத்திருந்தால் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீச்சலே தெரியாதவர்கள் சேருவதற்குச் சில மாதம் முன்பாகவே கோச் இருக்கும் குளத்துக்குப் போங்கள். முதலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெதுவாக விடப் பழகுங்கள். அப்புறம் மல்லாந்து மிதப்பது: காது தண்ணீருக்குள் போகும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, வயிற்றை மேலே தூக்கி, நெஞ்சில் காற்றை நிரப்பிக்கொண்டால் உடம்பு தானாக மிதக்கும், தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் கால் இறங்கிவிடும். இது வந்த பிறகு ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதக்கப் பழகுங்கள், கை கால் அலைவது மெதுவாக இருக்கட்டும், படபடவென்று அடித்தால் சீக்கிரம் மூச்சு வாங்கும். நன்றாகப் பழகியதும் கோச்சிடம் கேட்டுவிட்டு முழுக்கை சட்டை, பேன்ட்டோடு ஒரு முறை நீந்திப் பாருங்கள், துணி எப்படி இழுக்கிறது என்று அப்போது புரியும்.

கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத்தான் ஒரு சிக்கல், தலைகீழாகப் பாயும் பழக்கத்தை விட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டோடு குதிக்கும்போது ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மறு கையை அதன்மேல் குறுக்கே கொண்டுவந்து ஜாக்கெட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் விழுந்த வேகத்தில் ஜாக்கெட் மேலே எகிறித் தாடையில் இடிக்கும். கீழே ஆள், பொருள் இல்லையா என்று பார்த்துவிட்டு, பார்வையை நேரே வைத்து, ஓர் அடி எடுத்து வைத்து, உடனே காலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். குனிந்து பார்த்தபடி குதித்தால் உடம்பு முன்னால் சாயும். ஜாக்கெட் கட்டிக்கொண்டு குப்புற நீந்துவது வீண் வேலை, மல்லாந்து கையால் துழாவிப் போங்கள்.

ராஃப்டை நிமிர்த்துவது பலத்தால் ஆகிற காரியம் இல்லை. ராஃப்டை ஊதவைக்கும் கேஸ் சிலிண்டர் இருக்கும் பக்கத்தைக் காற்று போகும் திசைக்குத் திருப்பி, அதன்மேல் ஏறி நின்று, அடியிலுள்ள பட்டையைப் பிடித்து உடம்பை அப்படியே பின்னால் சாய்த்தால் காற்றும் சேர்ந்து தூக்கிவிடும். ராஃப்ட் உங்கள்மேல்தான் விழும், பயப்பட வேண்டாம். அதன் தரை மெத்தென்று இருக்கும், கையால் மேலே தள்ளினால் மூச்சுக்கு இடம் கிடைக்கும், மல்லாந்தபடியே வெளியே வந்துவிடுங்கள்.

நண்பர்களோடு யார் அதிக நேரம் தண்ணீருக்குள் மூச்சடக்குவது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், நன்றாக நீந்துபவர்கள்கூட அதில் சத்தமில்லாமல் மயங்கிப் போவதுண்டு. பழகுவதற்கு மெரினாவோ ஈ.சி.ஆர். கடற்கரையோ சரிப்படாது, அங்கே அடியிழுப்பு அதிகம்.