பிழியும் வொஷிங் மெசினின் பழைய இறப்பர் றோலரைச் சரிசெய்வது எப்படி?

மட்டக்களப்பில் கார்த்திகை, மார்கழி மழை பிடித்துவிட்டால் ஒரு துவாய் காய்வதற்குள் அடுத்த கிழமை வந்துவிடும். பழைய பிழியும் மெசினின் அருமை அப்போதுதான் தெரியும். இரண்டு இறப்பர் றோலர்களுக்கு நடுவே துணியைக் கொடுத்தால், கையால் எவ்வளவு முறுக்கினாலும் போகாத தண்ணீர் ஓடி இறங்கும். பிரித்தானியாவில் ஹூவர் கம்பனி 1948இல் விற்கத் தொடங்கிய சின்ன மெசினில் கையால் சுற்றும் பிழி றோலர் இருந்தது. அமெரிக்காவின் மேடேக் கம்பனி, மோட்டரில் சுற்றும் வகையை 1983 வரை செய்துகொண்டிருந்தது. இவற்றில் தொட்டியும் பற்சில்லும் இன்னும் நன்றாக இருக்கும். முதலில் கெடுவது இறப்பர்தான்.

அதுவும் வேலை செய்து தேய்வதைவிட, வேலையில்லாமல் நசுங்கிக் கிடந்து கெடுவதுதான் கூட. அழுத்தத் திருகாணியைத் தளர்த்தாமல் மூலையில் தள்ளிவிட்டால், இரண்டு றோலரும் தொடுகிற இடம் நாளடைவில் தட்டையாகிவிடும். கச்சான் காற்றின் வெக்கை, வெயில், காற்றிலுள்ள ஓசோன் ஆகியவை மேற்பரப்பை இறுக்கி வெடிக்க வைக்கும். எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பிசுபிசுக்கும்.

முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள்

சான்ட் பேப்பரை எடுக்குமுன் றோலரின் நிலையை அறிய வேண்டும். கட்டைவிரல் நகத்தால் நடுப்பகுதியை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து உடனே திரும்பி வந்தால் இறப்பர் உயிரோடு இருக்கிறது. மேலே கண்ணாடிபோல் மினுங்கி, நகம் வழுக்கினால் தோல் மட்டும் இறுகியிருக்கிறது. இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். மயிரிழை வெடிப்பும் இலேசான தட்டையும் அப்படித்தான். ஆனால் வெடிப்பு ஆழமாகப் போயிருந்தாலோ, தொட்டால் கையில் ஒட்டினாலோ, இறப்பர் அச்சைவிட்டுக் கழன்று தனியாகச் சுற்றினாலோ உரைத்துப் பயனில்லை. நேரே கடைசிக்கு முந்தின பகுதிக்குப் போங்கள்.

கழற்றுதல்

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. அழுத்தத் திருகாணியை முழுவதும் தளர்த்துங்கள், ஏனென்றால் மேலே இருக்கும் வில் (ஸ்பிரிங்) இறுக்கமாக இருந்தால் சட்டம் கழலும்போது எகிறும். மேல் சட்டத்தைக் கழற்றினால் றோலர்கள் கைக்கு வரும். அதற்கு முன் ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது மேல், எது கீழ், பற்சில்லு எந்தப் பக்கம் என்று அச்சின் நுனியில் பெயின்ட் மார்க்கரால் குறியுங்கள். சில மெசின்களில் ஒரு றோலர் மென்மை, மற்றது கடினம். மாற்றிப் போட்டால் பிழிவது கெட்டுவிடும்.

கழுவுதல்

பழைய சவர்க்காரப் படிவுதான் பாதி வழுக்கலுக்குக் காரணம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நைலோன் பிரஷால் தேயுங்கள். காய்ந்தபின் பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒரு துணியில் நனைத்து ஒருமுறை துடைத்தால் போதும். பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் வேண்டாம். இயற்கை இறப்பர் அவற்றைக் குடித்து ஊதும். மினுக்கத்துக்காகத் தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று அழகாகத்தான் இருக்கும், பிறகு பிசினாகிவிடும்.

உரைத்தல்

இதுதான் உண்மையான வேலை, அவசரப்படக்கூடாது. இரண்டு பலகைத் துண்டுகளில் V வடிவில் வெட்டி, அச்சின் இரண்டு முனையும் அதில் படுக்கும்படி மேசையில் பூட்டுங்கள். வேப்பம் பலகை போதும். இனி றோலரின் நீளத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு நேரான பலகையில் 120 இலக்கச் சான்ட் பேப்பரை ஒட்டி, அதை றோலர் முழுவதும் படும்படி வைத்து, மற்றக் கையால் றோலரை மெதுவாகச் சுற்றுங்கள். சின்னத் துண்டைக் கையில் பிடித்துத் தேய்த்தால் நடுவில் பள்ளம் விழும். துணி அந்தப் பள்ளத்தில் ஈரமாகவே வெளியே வரும்.

தண்ணீரில் நனையும் வகைப் பேப்பரை எடுத்து, அடிக்கடி நனைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறாது, தூசும் பறக்காது. ஆனாலும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மினுக்கம் போய் மங்கலான நிறம் வந்ததும் நிறுத்தி, இரண்டு நுனியிலும் நடுவிலும் கலிப்பரால் விட்டத்தை அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். பிறகு 220 இலக்கத்தால் ஒரு சுற்று. அதற்குமேல் மெருகேற்றாதீர்கள். இலேசான சொரசொரப்பு இருந்தால்தான் றோலர் ஈரத்துணியைப் பிடித்து இழுக்கும்.

தட்டை ஆழமாக இருந்தால் கையால் முடியாது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், இறப்பரைக் கத்தியால் கடையாமல் சாணைக்கல்லால் உரைத்துத் தரச் சொல்லுங்கள்.

உரைத்த பிறகும் இறுக்கமாக இருந்தால், டைப்ரைட்டர் திருத்துகிறவர்கள் செய்வதுபோல் மெத்தில் சாலிசிலேட் கலந்த இறப்பர் மென்மையாக்கியை இலேசாகத் துடைக்கலாம். இது கொஞ்சக் காலத்துக்கே பிடிக்கும், வெடிப்பை மூடாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தூரமாக வைத்துச் செய்யுங்கள். இந்தத் திரவம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சின்னப்பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, ஆகவே போத்தலைப் பூட்டி வையுங்கள். அதே வாசம் வருகிறதே என்று மூட்டுவலித் தைலத்தை எடுக்காதீர்கள், அதிலுள்ள மற்ற எண்ணெய்கள் இறப்பரிலேயே தங்கிவிடும்.

இறப்பர் செத்துவிட்டால்

சைக்கிள் டியூபை மேலே மாட்டும் யோசனை எல்லாருக்கும் வரும். டியூபின் கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது. பள்ளிக்கூடச் சேர்ட்டில் அது கோடு போடும். பிழி றோலர்கள் பெரும்பாலும் வெள்ளையாகவோ மங்கல் நிறத்திலோ இருப்பது சும்மா இல்லை.

சரியான வழி, அச்சுக்குப் புது இறப்பர் சுற்றுவிப்பது. அச்சகங்களின் மை றோலர்களுக்கு இறப்பர் போடுகிற இடங்களில் இதைச் செய்வார்கள். பழைய இறப்பரைச் சுரண்டி, அச்சைச் சுத்தம் செய்து, பசை பூசி, வேகாத இறப்பர்த் தகட்டைச் சுற்றி, துணிப்பட்டியால் இறுக்கி, நீராவியில் வேகவைத்து, கடைசியில் அளவுக்கு உரைப்பார்கள். ஆலை றோலர் பழக்கமான சம்மாந்துறைப் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நெல் குற்றுகிற றோலர், இறப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 90ஐ ஒட்டிய கடினம். அந்த இறப்பரைப் போட்டால் துணியின் பொத்தான்கள் நொறுங்கும். பழைய றோலரின் இரண்டு நுனியிலும் துணி படாத விரலளவு இறப்பர் பெரும்பாலும் தேயாமல் இருக்கும். விட்டத்தை அங்கேயே அளந்து குறித்துவிட்டு, மென்மையான வெள்ளை இறப்பர், துணிக்குத்தான் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பூட்டிப் பார்த்தல்

பேரிங் மரத்தாலோ நைலோனாலோ இருக்கலாம். உப்புக்காற்றில் அச்சில் பிடித்த துருவை எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். கிறீஸ் அச்சுக்கு மட்டும், இறப்பரில் ஒரு சொட்டும் படக்கூடாது. பிறகு, அவசரத்துக்குத் தட்டினால் றோலர்களை விலக்கும் தடி வேலை செய்கிறதா என்று வெறும் மெசினில் பலமுறை பாருங்கள். அது சரியாக விலகாவிட்டால் மெசினை ஓட்டவே கூடாது. மோட்டர் றோலர் விரலைப் பிடித்தால் முழங்கை வரை இழுக்கும். சேலைத் தலைப்பு, சால், கூந்தல் எல்லாம் கட்டியிருக்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. அமெரிக்க மெசின் என்றால் இன்னொன்று: அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. நமது 230 வோல்ட்டுக்கு ட்ரான்ஸ்போமர் வேண்டும், அப்போதும் 50 ஹேர்ட்ஸில் மோட்டர் மெதுவாக ஓடிச் சூடேறும்.

சோதிக்க, பத்திரிகைத் தாளில் இரண்டு கீற்று வெட்டி இரண்டு நுனியிலும் செருகி, திருகாணியை இறுக்கி, இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று எளிதாக உருவி வந்தால் அந்தப் பக்கத்துப் பேரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் அங்கே கூட உரைத்திருப்பீர்கள். அடுத்து நனைந்த துவாயை இரண்டாக மடித்துக் கொடுங்கள். சேர்ட் என்றால் பொத்தான்கள் உள்ளே வரும்படி மடியுங்கள். வேலை முடிந்ததும் றோலரைத் துடைத்து, திருகாணியைத் தளர்த்தி, மெசினை வெயில் படாத பக்கமாக நகர்த்தி வையுங்கள்.